மண்ணில் மருந்து கண்ட மனிதர்

நுண்ணுயிர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது என்ன? காய்ச்சல், தடுப்பூசி, கிருமிநாசினி, முகக்கவசம்! கொவிட் காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாம். எனவே அந்த அச்சம் இயல்பானதுதான். ஆனால் உங்களிடம் ஒரு கேள்வி. இன்று காலை நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?

தோசை என்றால், உளுந்தும் அரிசியும் அரைத்த மாவை இரவோடு இரவாகப் பொங்க வைத்தவை லியூக்கனாஸ்டாக், லாக்டோபேசில்லஸ் முதலிய பாக்டீரியாக்கள். நம் சிங்கப்பூரின் வெப்பம் அவற்றுக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் ஊரில் இரவு முழுவதும் காத்திருக்கும் மாவு, இங்கே சில மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழிந்துவிடுகிறது! ரொட்டி என்றால் அதை உப்ப வைத்தது ஈஸ்ட் எனும் ஒற்றைச் செல் பூஞ்சை. மதியம் தேக்காச் சந்தையில் பிரியாணியோடு தயிர்ப் பச்சடி சாப்பிட்டாலும், கோப்பிக் கடையில் சோயா சாஸ் ஊற்றிய நூடல்ஸ் சாப்பிட்டாலும், மலாய்க் கடையில் தெம்பே சாப்பிட்டாலும் உங்களுக்கு முன் அந்த உணவைச் சமைத்தவை நுண்ணுயிர்களே. நம் உடலிலேயே ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன என்று 2016ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. நம் சொந்தச் செல்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

நான் உயிர் அறிவியல் படிக்கும் மாணவன். நுண்ணுயிர்களைப் பற்றி நம் மலரில் எழுதலாம் என்று எண்ணியபோது, அவற்றைப் பட்டியலிடுவதைவிட ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்வதே நல்லது என்று தோன்றியது. கிருமியால் தன் குடும்பத்தை இழந்து, பிறகு அதே கிருமிகளைத் தராசாகவும் மருந்துத் தொழிற்சாலையாகவும் மாற்றிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். சென்னையில் படித்தவர். முதலாம் ஆண்டில் நாம் மனப்பாடம் செய்த ஏடிபி என்ற மூலக்கூற்றைக் கண்டறிந்தவர்களில் ஒருவர். ஆயினும் நான் படித்த பாடநூலில் அவர் பெயர் இல்லை. அவர்தான் எல்லப்பிரகட சுப்பாராவ்.

பீமவரத்திலிருந்து சென்னைக்கு

1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தில், இன்றைய ஆந்திரத்தில் உள்ள பீமவரத்தில் சுப்பாராவ் பிறந்தார். தெலுங்குக் குடும்பம். தந்தை வருவாய்த் துறையில் சிறிய அதிகாரி. உடல்நலக் குறைவால் அவர் வேலையை விட்டபோது வீட்டில் வறுமை புகுந்தது. சிறுவன் சுப்பாராவுக்குப் பள்ளிப் படிப்பில் மனம் செல்லவில்லை. காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டை விட்டே கிளம்பியவர் அவர். தாயார் வெங்கம்மா விடவில்லை. பிடித்து வந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார்.

மெட்ரிக்குலேஷன் தேர்வில் அவர் வென்றது மூன்றாவது முயற்சியில், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது. தேர்வு முடிவைக் கண்டு மனம் உடைந்து போகும் நண்பர்கள் இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்! பின்னர் மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்தார். இராமகிருஷ்ண மடத்தில் துறவியாகச் சேர விரும்பினார். மருத்துவம் படித்து மக்களுக்குத் தொண்டு செய்யுமாறு அங்கிருந்தோர் அவரை வழிப்படுத்தினர். அப்படித்தான் அவர் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார். படிப்புச் செலவுக்கு நண்பர்களும், பின்னாளில் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் கைகொடுத்தனர். 1919இல் அவருக்கும் சேஷகிரிக்கும் திருமணம் நடந்தது.

காந்தியடிகளின் அறைகூவலை ஏற்று, சுப்பாராவ் அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் கதர் அங்கி அணிந்தார். ஆங்கிலேயரான பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியிருந்தும், சுப்பாராவுக்கு முழுமையான மருத்துவப் பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடத் தாழ்ந்த எல்எம்எஸ் சான்றிதழே கிடைத்தது. அரசாங்க மருத்துவப் பணியில் சேர அவர் செய்த முயற்சியும் பலிக்கவில்லை. ஒரு துண்டுக் கதர்த் துணிக்கு அவர் கொடுத்த விலை அது!

இந்தக் காலத்தில்தான் நுண்ணுயிர் உலகம் அவரது வீட்டுக்குள் கொடூரமாக நுழைந்தது. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்பது குடலைத் தாக்கும் நோய். ஓயாத வயிற்றுப்போக்கு இருக்கும். உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாது. நாக்கு புண்ணாகும், இரத்தம் சோகையாகும், மனிதர் எலும்பும் தோலுமாகி விடுவார். குடலில் தவறான கிருமிகள் பெருகுவதே இதற்குக் காரணம் என்று இன்று பெரும்பாலும் கருதப்படுகிறது. அன்றோ மருந்து ஏதும் இல்லை. அந்த நோய்க்குச் சுப்பாராவ் தம் சகோதரர்களை அடுத்தடுத்து இழந்தார். பிறகு அவரையே அது பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் உயிர் தப்பினார். லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்றியல் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

பெரிய அறிவியலாளர்களின் வாழ்க்கையில் ஒரே ஒரு கேள்வி கடைசி வரை ஒலித்துக்கொண்டிருக்கும் என்பார்கள். சுப்பாராவின் கேள்வி இங்கே பிறந்தது என்று நான் நினைக்கிறேன். அண்ணன் உடலில் இல்லாமல் போன அந்தப் பொருள் எது?

பாஸ்டன் நகரத்து இரவுகள்

1920களின் தொடக்கத்தில், ஓர் அறநிலையம் அளித்த வாக்குறுதியையும் மாமனார் திரட்டிய பணத்தையும் நம்பி, சுப்பாராவ் கப்பலேறி அமெரிக்கா சென்றார். மனைவி ஊரிலேயே தங்கினார். ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். உதவித்தொகை இல்லை. ஆகவே இரவில் மருத்துவமனை ஒன்றில் கடைநிலை ஊழியராக வேலை செய்தார். நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவினார். பகலில் வகுப்பு, இரவில் கூலி வேலை. படித்த மருத்துவர் ஒருவர், பிழைப்புக்காக இன்னொரு நாட்டின் மருத்துவமனையில் தரை துடைத்திருக்கிறார். புலம்பெயர்ந்த குடும்பங்களில் இருந்து வந்த நமக்கு இது புதிய கதை அல்லவே!

பிறகு ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்ற உயிர்வேதியியலாளரோடு சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளக்கும் முறையை இருவரும் உருவாக்கினர். அது 1925இல் வெளிவந்தது. இன்றும் ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை என்றே வழங்குகிறது. அந்த முறையைக் கொண்டு தசையை ஆராய்ந்தபோது 1927இல் பாஸ்போகிரியேட்டின் கிடைத்தது. தசை சுருங்குவதற்கான ஆற்றல் பற்றி 1922ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற கொள்கையையே இது ஆட்டம் காணச் செய்தது. 1929இல் ஏடிபி. அதே வேளையில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைத் தனியாகக் கண்டறிந்தார்.

ஏடிபி என்பது உயிர்களின் நாணயம். நாம் கை அசைப்பதற்கும், யானை தும்பிக்கையைத் தூக்குவதற்கும், தோசை மாவிலுள்ள பாக்டீரியா இரண்டாகப் பிரிவதற்கும் செலவாவது ஒரே நாணயம்தான். இதனால் ஓர் அன்றாடப் பயனும் விளைந்துள்ளது. உணவுத் தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் மேசையை ஒரு பஞ்சுக் குச்சியால் துடைத்து, மின்மினிப் பூச்சியின் நொதியோடு கலந்து பார்ப்பார்கள். ஏடிபி இருந்தால் ஒளி தோன்றும். ஒளி கூடினால் அந்த இடத்தில் உணவுக் கறையோ நுண்ணுயிரோ மிகுதியாக ஒட்டியிருக்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டிக் கொடுக்கும் அந்த மூலக்கூற்றுக்குப் பின்னால், மலச்சட்டி கழுவிய கைகள் இருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

1930இல் அவர் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். ஆனாலும் அங்கே நிலையான பதவி கிடைக்கவில்லை. ஃபிஸ்க் பொறாமையால் சுப்பாராவின் சில கண்டுபிடிப்புகளை வெளிவராமல் தடுத்துவிட்டார் என்றும், அவற்றைப் பல ஆண்டுகள் கழித்து மற்றவர்கள் மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், 1988ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில் எழுதியிருக்கிறார். 

ஊரில் நடந்ததோ இன்னும் வேதனை. அவருக்குப் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனான். மனைவி சேஷகிரியை அவர் மறுபடியும் பார்க்கவே இல்லை. இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் வரும் மதிப்போடு ஒரு நெருடலும் சேர்ந்தே வரும். உலகத்துக்கு அவர் அளித்த கொடையின் ஒரு பங்கு விலையைச் சேஷகிரி அம்மையார் கொடுத்திருக்கிறார். அவரைப் பற்றி எழுதுவோர்தான் குறைவு.

கிருமியே தராசு

1940இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். விரைவில் ஆராய்ச்சிப் பிரிவின் இயக்குநரானார். பழைய கேள்வி இப்போது அவர் கையில் ஆய்வுத் திட்டமாக உருவெடுத்தது.

அந்தக் கேள்விக்கு முதல் துப்பு ஏற்கெனவே இந்தியாவில் கிடைத்திருந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாயில் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தார். மருந்துகள் பலனளிக்காத நிலையில், மார்மைட் கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். 1931இல் அவர் இதை வெளியிட்டார். மார்மைட் நமக்குத் தெரியாததா? நம் கடைகளில் கருப்பு நிறத்தில், மஞ்சள் மூடி போட்ட குப்பியில் இருக்கும். கஞ்சியில் கலக்குவோம், கோழியில் தடவிப் பொரிப்போம். அது வேறொன்றுமில்லை, மது வடித்த பிறகு மிஞ்சும் ஈஸ்டின் சாறு! ஆக, பம்பாய்த் தாய்மாரைக் காத்தது ஒரு நுண்ணுயிர் சேர்த்து வைத்த சத்து.

அந்தச் சத்து எது? கல்லீரலிலும் ஈஸ்டிலும் ஆயிரக்கணக்கான பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பிரித்தெடுப்பது எப்படி? இங்கேதான் நுண்ணுயிர் தராசாயிற்று. லாக்டோபேசில்லஸ் கேசி என்ற பாக்டீரியா பால்பொருள்களில் வாழ்வது. நம் வீட்டுத் தயிர்க் கிருமிகளுக்கு உறவினர். நாம் சிறு குப்பியில் குடிக்கும் யாக்கல்ட் பானத்தில் இருப்பதும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. இந்தப் பாக்டீரியாவுக்கு நாம் தேடும் சத்து இல்லாவிட்டால் வளர்ச்சி இல்லை. ஆகவே பிரித்தெடுத்த ஒவ்வொரு துளியையும் அதற்கு ஊட்டிப் பார்த்தார்கள். குழாயில் உள்ள நீர் கலங்கினால் கிருமி வளர்ந்திருக்கிறது, சத்து இருக்கிறது. தெளிவாக இருந்தால் இல்லை. எந்த இயந்திரமும் அன்று காட்ட முடியாத அளவைத் தயிர்க் கிருமியின் தம்பி காட்டினான்!

கல்லீரலிலிருந்தும், இன்னொரு நுண்ணுயிர் வளர்ந்த நொதிப்புக் கரைசலிலிருந்தும் அந்தப் பொருளைப் பிரித்தனர். 1945இல் லெடர்லி குழு அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகவே உருவாக்கியது. அதுதான் ஃபோலிக் அமிலம். விரைவில் அது ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அவர்கள் தேறினார்கள். சகோதரர்களைப் பறித்த நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு தாமதமாக!

தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை இருக்கிறது. கண்டாங் கெர்பாவ் என்ற பழைய பெயருக்கு எருமைக் கொட்டில் என்று பொருள். சிராங்கூன் வட்டாரத்தில் நம்மவர் மாடு வளர்த்துப் பால் கறந்த காலத்தின் எச்சம் அந்தப் பெயர். 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற எண்ணிக்கை இது. இன்று தாயாகப் போகும் பெண்களுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் முதல் மாத்திரைகளில் ஒன்று ஃபோலிக் அமிலம். முதுகுத்தண்டுக் குறையுள்ள குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மார், அடுத்த முறை கருவுறும் முன்பே இதை உட்கொண்டால், அந்தக் குறை மீண்டும் வரும் வாய்ப்பு 72 விழுக்காடு குறைகிறது என்று 1991இல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று நிறுவியது. உங்கள் அக்காவோ அண்ணியோ விழுங்கும் அந்தச் சின்னஞ்சிறு மாத்திரையில் சுப்பாராவின் குடும்பத் துயரமும் கரைந்திருக்கிறது.

இதோடு கதை முடியவில்லை. ஃபோலிக் அமிலம் செல்களை வளர்க்கிறது என்றால், அதைப் போலவே வேடமிட்ட ஒரு போலிப் பொருள் புற்றுச் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கலாம் அல்லவா? லெடர்லி குழு அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றை உருவாக்கியது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்து, தற்காலிகமாகவேனும் நோய் பின்வாங்குவதை 1948இல் அறிவித்தார். புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையின் முக்கியத் தொடக்கங்களில் அது ஒன்று. மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாத நோய்க்கும் பயன்படுகிறது.

அதே ஆய்வுக்கூடத்தில் பிறந்த இன்னொரு மருந்து ஹெட்ராசான். நம் முன்னோர் ஊர்களில் யானைக்கால் நோய் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதைத் தாத்தா பாட்டிகளிடம் கேட்டுப் பாருங்கள். கொசு பரப்பும் ஒரு புழுவே அதற்குக் காரணம். இரத்தத்தில் திரியும் அதன் குஞ்சுகள் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும். 1947இல் அறிமுகமான இந்த மருந்து, டிஇசி என்ற பெயரில் தமிழகத்தில் பிற்காலத்தில் ஊர் ஊராக மக்களுக்கு வழங்கப்பட்டது.

மண்வாசனையிலிருந்து ஒரு மருந்து

மழை பெய்து ஓய்ந்ததும் எழும் மண்வாசனையை நாம் எல்லாரும் ரசித்திருக்கிறோம். வளாகத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும்போதுகூட அந்த மணம் நம்மை ஊருக்கு அழைத்துப் போய்விடும். அது மண்ணின் மணம் அன்று. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா இனம் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் மணமே பெரும்பாலும் அது. ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன. இடத்துக்கும் உணவுக்கும் அங்கே ஓயாத போர். அந்தப் போரில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சுரக்கும் ஆயுதங்களே நமக்கு மருந்துகளாகின்றன.

1928இல் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டார். 1943இல் வாக்ஸ்மன் குழுவினர் மண்ணிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டனர். ஆனால் பென்சிலினுக்கு அடங்காத கிருமிகள் பல இருந்தன. சுப்பாராவ் பெரிய வலையை விரித்தார். பல இடங்களிலிருந்து மண் வரவழைக்கப்பட்டது. அந்தப் பணியை அவர் ஒப்படைத்தது பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளரிடம். டக்கர் பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதைக் கடந்தவர். வயதைக் காரணம் காட்டி உலகம் ஓரங்கட்டிய ஒருவரை, நிறத்தையும் நாட்டையும் காரணம் காட்டி ஓரங்கட்டப்பட்ட ஒருவர் அழைத்து வேலை கொடுத்தார்!

மிசூரி பல்கலைக்கழகத்தின் பழைய சோதனை வயல் ஒன்றிலிருந்து வந்த மண்ணில், பொன்னிறமாக வளரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஒன்று டக்கரின் கண்ணில் பட்டது. அது சுரந்த மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயர். பொன் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. டெட்ராசைக்ளின் எனும் மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை இதுவே. வாய்வழியே உட்கொள்ளலாம். பல வகைக் கிருமிகளை ஒருசேரத் தாக்கும். பென்சிலினுக்கு மசியாத டைபஸ் போன்ற நோய்களையும் அடக்கும்.

1948இல் இந்த மருந்தைப் பற்றி வெளிவந்த முதல் கட்டுரையில் டக்கரின் பெயர் மட்டுமே இருந்தது. தலைமை தாங்கியவர் பின்வரிசையில் நின்றுகொண்டார். 

அதே 1948ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். வயது 53. இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறலாம் என்று 1946இல் சட்டம் வந்த பின்னரும் அவர் குடிமகனாகவில்லை. இந்தியா விடுதலை பெற்று ஓராண்டு ஆகியிருக்கவில்லை. அந்த விடுதலை நாட்டை அவர் பார்க்கவும் இல்லை. அவர் இறந்த சில மாதங்களில் ஆரியோமைசின் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. 46 ஆண்டுகள் கழித்து, 1994இல் இந்தியாவின் சூரத் நகரில் பிளேக் அச்சம் பரவியபோது மக்கள் மருந்துக்கடைகளில் முண்டியடித்துத் தேடியது டெட்ராசைக்ளினைத்தான்.

சாக்கடையில் பூத்த பெயர்

சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. அவருடைய நூற்றாண்டான 1995இல் இந்திய அரசு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த மரியாதை வேறொன்று. 1953இல் ஹெசல்டைன் என்ற பூஞ்சையியலாளர், கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் வடிகட்டியில் வாழும் ஒரு புதிய பூஞ்சையை விவரித்தார். அதற்கு அவர் சூட்டிய பெயர் சுப்பாரோமைசிஸ். ஆம், சுப்பாராவின் பெயர்!

சாக்கடையில் வாழும் பூஞ்சைக்கா பெயர் என்று முகம் சுளிக்க வேண்டாம். கழிவுநீரைத் தூய்மையாக்கும் வேலையில் முதல் கடின உழைப்பாளிகள் நுண்ணுயிர்களே. நம் வீவக வீட்டுக் குளியலறையிலிருந்து போகும் நீர், நீர் மீட்பு ஆலைகளின் தொட்டிகளுக்குச் செல்கிறது. அங்கே காற்றைச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். கோடானுகோடி பாக்டீரியாக்கள் கழிவை உண்டு தீர்க்கும். அதன் பிறகே நுண்வடிகட்டலும், எதிர்மறைச் சவ்வூடு பரவலும், புறஊதாக் கதிரும் சேர்ந்து அதைப் புதுநீர் ஆக்குகின்றன. 2003இல் பிடோக்கிலும் கிராஞ்சியிலும் தொடங்கிய இந்தப் புதுநீர்த் திட்டம் நம் நாட்டின் பெருமை. அந்தப் பெருமையில் சம்பளம் வாங்காத இந்தச் சின்னஞ்சிறு தொழிலாளர்களுக்கும் பங்கு உண்டு. அவர்களில் ஒருவர் பெயரைத் தாங்கி நிற்பது, மலச்சட்டி கழுவிப் படித்த மனிதருக்குப் பொருத்தமான சிறப்பு என்றே நான் கருதுகிறேன்.

நம் கையில் இருப்பது

இந்தக் கதைக்கு ஒரு கசப்பான பின்னுரையும் உண்டு. சுப்பாராவ் மறைந்த பிறகு, ஆரியோமைசின் தயாரித்து மிஞ்சிய சக்கையை லெடர்லி ஆய்வுக்கூடத்தில் கோழிகளுக்குத் தீவனமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கோழிகள் வேகமாக வளர்ந்தன. அதிலிருந்து பண்ணைத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது. எடையைக் கூட்டுவதற்காக இப்படிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் முழுமையாகத் தடுத்தது 2006இல்தான்.

இதில் என்ன தவறு? மண்ணில் ஆயுதம் செய்யத் தெரிந்த நுண்ணுயிர்களுக்குக் கேடயம் செய்யவும் தெரியும். மருந்து சிறிது சிறிதாக எங்கும் பரவும்போது, அதற்கு அஞ்சாத கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. கேடயம் செய்யும் மரபணுவை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றியும் விடுகிறது. பண்ணையில் நடப்பதே நம் உடலிலும் நடக்கிறது. வைரஸ் காய்ச்சலுக்கு நுண்ணுயிர்க்கொல்லி வேலை செய்யாது. இருந்தும், தேர்வு நெருங்குகிறது, சீக்கிரம் குணமாக வேண்டும் என்று மருத்துவரிடம் மாத்திரை கேட்டு நிற்பவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். போன தடவை மிஞ்சிய மாத்திரையை அறைத்தோழனுக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சிங்கப்பூர் 2017இல் மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்கொள்ளத் தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. திட்டம் அரசாங்கத்துடையது என்றாலும், அது வெற்றி பெறுவது உங்களையும் என்னையும் பொறுத்தது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களும் அல்ல. மருத்துவர் தேவையில்லை என்றால் நுண்ணுயிர்க்கொல்லியைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள். கொடுத்தால் அவர் சொன்ன முறைப்படியே உட்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பகிராதீர்கள். கையைச் சோப்பால் கழுவுங்கள். தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். அதே சமயம் எல்லாக் கிருமியையும் எதிரியாக எண்ணி அஞ்சவும் வேண்டாம். தயிரும் தோசை மாவும் நம் நண்பர்களின் வேலை.

சுப்பாராவின் அண்ணன் இறந்தபோது அவருக்குக் கொடுக்க உலகில் ஒரு மாத்திரைகூட இல்லை. இன்று நம் பலதுறை மருந்தகங்களில் அலமாரி நிறைய இருக்கின்றன. அவை வேலை செய்யாத காலம் ஒன்று மீண்டும் வந்தால், நம் தம்பி தங்கையர் அதே வெறுங்கையோடுதான் மருத்துவமனை வாசலில் நிற்க வேண்டியிருக்கும். அந்த நிலை வராமல் காப்பதே, பெயரைக்கூட எதிர்பாராமல் உழைத்து மறைந்த அந்த மனிதருக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு.